கம்பெனி ஸ்டீரியோவை மேம்படுத்துதல்

காரோடு வரும் கம்பெனி ஸ்டீரியோவில் மிகப் பலவீனமான உறுப்பு ஸ்பீக்கர். திரையும் பொத்தான்களும் ஷோரூமிலேயே கண்ணில் படுபவை. தயாரிப்பாளர் அவற்றில் பணம் போடுகிறார். கதவுக்குள் ஒளிந்திருக்கும் ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்து யாரும் வண்டி வாங்குவதில்லை. குறைந்த விலை மாடல் ஒன்றின் முன்கதவைப் பிரித்து உள்ளே இருப்பதைக் கையில் எடுத்தால் விஷயம் விளங்கிவிடும்: பிளாஸ்டிக் கூடு, மெல்லிய காகிதக் கூம்பு, உள்ளங்கைக்குள் அடங்கும் காந்தம். மேல் ஸ்தாயிக்கான குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டர் இல்லாத மாடல்களில் கூம்பின் நடுவே இன்னொரு குட்டிக் காகிதக் கூம்பு ஒட்டியிருக்கும். ஜால்ராவின் ஒலிக்கும், வீணையின் மேல் ஸ்தாயிக்கும் அதுதான் கதி.

இருந்தும் பெரும்பாலோர் முதலில் மாற்றுவது ஸ்டீரியோவைத்தான். ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு திரை ஏறியதும் வண்டி புதிதாகத் தெரிகிறது. பாட்டு மட்டும் பழையபடியே கேட்கிறது. செலவின் வரிசை இதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். முதலில் ஸ்பீக்கரும் கதவும், அடுத்து பவர், தேவையிருந்தால் கீழ் ஸ்தாயிக்கு வூஃபர், கடைசியில்தான் திரை. ஒதுக்கிய தொகையில் பாதியாவது முதல் படிக்குப் போனால்தான் போட்ட காசு காதில் விழும்.

வெயிலும் எல்லையும்

திருத்தணி வட்டாரத்து வண்டிக்கு இரண்டு விஷயங்களைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒன்று வெயில். கோடையில் தமிழ்நாட்டில் அதிக வெப்பம் பதிவான இடங்களின் பட்டியலில் வேலூரோடு திருத்தணியின் பெயரும் அடிக்கடி வருகிறது. வெளியே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில், கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு மேற்பரப்பு 70 டிகிரியை எட்டக்கூடும். முருகன் கோயில் மலையடிவாரத்தில் வண்டியை விட்டு, 365 படி ஏறி, வரிசையில் நின்று தரிசனம் முடித்து இறங்கிவருவதற்குள் திரை, பசை, ஸ்பீக்கரின் விளிம்பு எல்லாம் வெந்துகொண்டிருக்கும். ஆகவே இங்கே ஒரு பொருளை வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எப்படிப் பாடுகிறது என்பதல்ல. எத்தனை கோடை தாங்கும் என்பதே.

இரண்டாவது ஆந்திர எல்லை. எஃப்எம் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. நடுவில் மலை வந்தால் மடங்கி வராது. சென்னையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் திருத்தணியில் சென்னை நிலையங்கள் கேட்பதே இடத்தைப் பொறுத்தது. நகரி தாண்டிப் புத்தூர்ப் பக்கம் போனால் மலைகள் குறுக்கே வந்து அவை இரைச்சலாகி, தெலுங்கு நிலையங்கள் மேலே ஏறுகின்றன. திருப்பதிக்கு யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு போய்வரும் டாக்ஸிகள் பென்டிரைவையும் புளூடூத்தையும் நம்பியிருப்பது இதனால்தான். இப்படிப்பட்ட வண்டிக்கு ரேடியோவின் தரத்தைவிட யுஎஸ்பி துளையின் உறுதி முக்கியம்.

பென்டிரைவிலும் ஒரு கணக்கு உண்டு. கோயில் ஊர்களில் 4 ஜிபியில் ஆயிரம் பாட்டு என்று விற்கிறார்கள். ஒரு பாட்டுக்கு 4 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டானால் நொடிக்குச் சுமார் 107 கிலோபிட். அந்த அளவுக்கு நசுக்கிய பாட்டில் ஜால்ராவும் கஞ்சிராவும் சலசலப்பாகத்தான் வரும். எவ்வளவு விலையுள்ள ஸ்பீக்கரும் இல்லாததைக் கொண்டுவராது. நல்ல ஸ்பீக்கர் அந்தக் குறையை இன்னும் பச்சையாகக் காட்டிவிடும். நொடிக்கு 256 கிலோபிட்டுக்குக் குறையாத கோப்புகளை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் ஏற்றுவது நல்லது. என்டிஎஃப்எஸ் முறையைப் பல ஸ்டீரியோக்கள் படிப்பதில்லை.

ஸ்பீக்கர்

இந்தியக் கார்களின் முன்கதவில் பெரும்பாலும் இருப்பது ஆறரை அங்குல ஸ்பீக்கர், 4 ஓம். மாற்று இரண்டு வகை. ட்வீட்டரை நடுவிலேயே பொருத்தி ஒரே துண்டாக வருவது கோஆக்சியல். ட்வீட்டர் தனியாக, நடுவே ஒலியைப் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் பெட்டியோடு வருவது காம்பொனென்ட். கதவின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஸ்பீக்கர் முழங்காலைப் பார்த்துப் பாடுகிறது. மேல் ஸ்தாயி ஒலி நேராகப் பாயும் தன்மையுள்ளது. முழங்காலில் பட்டால் காதுக்கு வராது. ட்வீட்டரைக் கண்ணாடியோரத்து முக்கோணத்தில் ஏற்றினால் பாடகர் தரையிலிருந்து எழுந்து டேஷ்போர்டு உயரத்தில் நிற்பார். பவரைக் கூட்டும் ஆம்ப் வைக்கும் எண்ணம் உண்டென்றால் காம்பொனென்ட், இல்லையென்றால் நல்ல கோஆக்சியல் போதும்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட்டைப் பார்த்து வாங்கக் கூடாது. பார்க்க வேண்டியது உணர்திறன், அதாவது 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்ற எண். 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி பவர் போதும். 86 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றுக்கு 40 வாட் தேவைப்படும் இடத்தில் 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு 10 வாட் போதும். ஆம்ப் இல்லாமல் ஸ்டீரியோவின் பவரிலேயே ஓட்டுபவர்கள் 90 டெசிபலுக்குக் குறையாததாக வாங்க வேண்டும். விலை உயர்ந்த, கனமான கூம்புள்ள ஸ்பீக்கரை வாங்கிக் கம்பெனி ஸ்டீரியோவில் மாட்டிவிட்டு, பழையதே பரவாயில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் கோட்டை விட்டது இங்கேதான்.

வெயிலுக்கு வருவோம். கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பு ஃபோமாக இருந்தால் சில ஆண்டுகளில் பொடியாக உதிரும்; ரப்பர் விளிம்பு தாங்கும். கூம்பு காகிதமாக இருப்பதில் தவறில்லை, குரலுக்கு நல்ல காகிதக் கூம்பை விஞ்சுவது எளிதல்ல. ஆனால் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்கும் என்பதால் பூச்சு பூசிய காகிதமோ பாலிப்ரொப்பிலீனோ பாதுகாப்பு.

வாங்கும் முன் அளக்க வேண்டியது ஆழம். கதவுக் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் விளிம்பிலிருந்து கண்ணாடி வரை அளவெடுக்க வேண்டும். காந்தம் பெரிதாக இருந்தால் கண்ணாடி இறங்கும்போது அதில் மோதும். இடம் போதாவிட்டால் வளையம் ஒன்றை இடையில் வைத்து ஸ்பீக்கரை வெளியே தள்ளலாம். மர வளையம் ஈரத்தில் ஊதிவிடும். பிளாஸ்டிக் வளையமே நல்லது. சில வண்டிகளில் கம்பெனி ஸ்பீக்கரைத் திருகாணிக்குப் பதில் ரிவெட் அடித்திருப்பார்கள். அதன் தலையை டிரில்லால் எடுக்கும்போது உதிரும் இரும்புத்தூள் புதிய ஸ்பீக்கரின் காந்தத்தில் போய் ஒட்டாதபடி கதவுக்குள் முதலில் துடைத்துவிட வேண்டும்.

பின்கதவு ஸ்பீக்கர் குடும்ப வண்டியில் அப்படியே இருக்கலாம். முன்னால் இருவர் கேட்கும் பாட்டுக்கு அதன் பங்கு சிறிது. பின்சீட்டில் எப்போதும் ஆள் இருக்கும் டாக்ஸிக்கு மட்டும் அதையும் மாற்றுவதில் பொருள் உண்டு. பின்கண்ணாடி அடியில் 6க்கு 9 அங்குல ஓவல் ஸ்பீக்கர் வைப்பது அம்பாசடர் காலத்து வழக்கம். டிக்கி மேல் பலகை தகடாக இருந்த அந்த வண்டிக்கு அது பொருந்தியது. இன்றைய சிறிய கார்களின் மெல்லிய பார்சல் ட்ரே பாட்டைவிட அதிகமாகத் தானே அதிரும். கச்சேரியும் முதுகுக்குப் பின்னால் நடக்கும்.

கதவு

ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; பாஸ், அதாவது கீழ் ஸ்தாயி ஒலி, மெலிந்துவிடும். கதவுதான் ஸ்பீக்கரின் பெட்டி. ஆனால் கார்க் கதவின் உள்தகட்டில் பெரிய பெரிய துளைகள். வெளித்தகடு விரலால் தட்டினால் தகரம்போல் ஒலிக்கும். கதவைச் சரி செய்யாமல் ஸ்பீக்கரை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

இதற்கான பொருள் டேம்பிங் ஷீட்: ஒருபுறம் அலுமினியத் தாள், மறுபுறம் ஒட்டும் அடுக்கு. கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று பியூட்டைல் ரப்பர். மற்றது தார்க்கலவை, விலையில் பாதிக்கும் குறைவு, பார்வைக்கு அதேபோலத்தான் இருக்கும். திருத்தணி வெயிலில் தார் ஷீட் இளகி, வாடையடித்து, கதவின் அடியில் வந்து சுருண்டு கிடக்கும். கண்ணாடி இறங்கும் பாதையில் சிக்கினால் கண்ணாடி மோட்டாருக்கும் செலவு வைக்கும். பியூட்டைல் தவிர வேறெதையும் இந்த ஊர் வண்டிக்கு ஒட்டக் கூடாது.

முறை இதுதான். டோர் பேடின் திருகாணிகளைக் கழற்றி, பிளாஸ்டிக் நெம்பியால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கிளிப் உடையும். புதுக் கிளிப்புகள் பத்துப் பன்னிரண்டு முன்கூட்டியே வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். உள்ளே தகட்டைத் துணியால் துடைத்து, ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிக் காயவிட வேண்டும். ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள வெளித்தகட்டில் முதல் ஷீட்டை ஒட்டி, உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அலுமினியத் தாளில் உள்ள புடைப்புக் கோலம் தட்டையாகி மறையும்வரை தேய்த்தால்தான் ஒட்டியதாக அர்த்தம். வெளித்தகடு முழுவதும் ஒட்டத் தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு மூடினாலே தகரச் சத்தம் அடங்கிவிடும். உள்தகட்டின் பெரிய துளைகளை மூடலாம். கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு வடிகால் துளைகளை மட்டும் எக்காரணத்தாலும் மூடக் கூடாது. மூடினால் மழைநீர் தேங்கிக் கதவு அடியிலிருந்து துருப்பிடிக்கும். டோர் பேடுக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் தாளும் பழையபடி ஒட்டப்பட வேண்டும். அதைக் கிழித்து எறிந்துவிடும் கடைகள் உண்டு. முதல் ஐப்பசி மழையில் கால்மிதியடி நனையும்போது காரணம் தெரியவரும்.

கூம்பு போகும் திசையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். உள்ளே இழுத்தால் கம்பிகள் மாறியிருக்கின்றன.

வாட் கணக்கு

ஸ்டீரியோவின் முகத்தில் 4 x 50 வாட் என்று அச்சிட்டிருக்கும். இது பொய் என்று சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது. எஞ்சின் ஓடும்போது காரின் மின்சாரம் சுமார் 14.4 வோல்ட். தனி மின்மாற்று உறுப்பு இல்லாத ஸ்டீரியோ 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதற்குமேல் தர முடியாது. சுத்தமான ஒலி அலைக்கு இந்த வோல்ட்டில் கணக்குப்படி கிடைக்கக்கூடிய உச்சம் 26 வாட். உள் இழப்பு போக நடைமுறையில் 18 முதல் 22 வாட். அலையின் தலையையும் காலையும் வெட்டிச் சதுரமாக்கிவிட்டால் அதே வோல்ட்டில் 52 வாட் வரும். பெட்டியில் அச்சிட்ட 50 அந்தச் சதுர அலையின் எண். கேட்கும் தரத்தில் இல்லாத, கரகரத்த ஒலியின் எண். தொடர்ந்து தரக்கூடிய பவரைக் குறிக்கும் ஆர்எம்எஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் வாட்டை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும். அது எழுதப்படாத பொருளை வாங்காமல் இருப்பது உத்தமம்.

சத்தத்தைக் கூட்டும்போது பாட்டு கரகரத்தால், தலை வெட்டுப்பட்ட அந்தச் சதுர அலைதான் ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சிறிய ஸ்டீரியோ பெரிய ஸ்பீக்கரின் ட்வீட்டரை எரிப்பது இப்படித்தான். நெடுஞ்சாலையில் டயர் இரைச்சலுக்கு மேலாகக் கேட்கவேண்டி வால்யூமை உச்சத்துக்குத் தள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆம்ப் ஆடம்பரம் அல்ல.

ஆம்ப்

நான்கு சானல் ஆம்ப் ஒன்று, சானலுக்கு 50 முதல் 75 வாட் ஆர்எம்எஸ், பெரும்பாலான குடும்ப வண்டிக்குப் போதும். இரண்டு சானல் முன்கதவுக்கு. மற்ற இரண்டையும் இணைத்துப் பின்னாளில் வூஃபருக்குக் கொடுக்கலாம். பழைய ஏபி வகை ஆம்ப் வாங்கிய மின்சாரத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை ஸ்பீக்கருக்கு அனுப்பும், மீதி வெப்பம். டி வகை 80 விழுக்காடும் அதற்கு மேலும். சீட்டுக்கு அடியில், காற்றோட்டம் இல்லாத இடத்தில், இந்த ஊர் வெயிலில் வைக்கவேண்டிய பொருளுக்கு டி வகையே சரி.

மின்சாரக் கணக்கு எளிது. 75 வாட் நான்கு சானல் என்றால் 300 வாட். ஏபி வகைக்கு 500 வாட் உள்ளே போக வேண்டும், சுமை ஏறியதும் சற்று இறங்கிய 13.8 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 36 ஆம்பியர். டி வகைக்கு 27. பாட்டு எப்போதும் உச்சத்தில் இருப்பதில்லை, ஆனால் வயர் உச்சத்தைத் தாங்க வேண்டும். ஆகவே பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர். 8 கேஜைவிட மெலியாமல், வூஃபரும் சேர்வதென்றால் இன்னும் தடித்த 4 கேஜ். மலிவு விலை வயர் கிட்டுகளில் வருவது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம்; மின்சாரம் கடத்துவதில் செம்புக்கு மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது ஆம்பைக் காப்பதற்கல்ல. வழியில் எங்காவது வயர் உரசி பாடியில் பட்டால் வண்டி எரியாமல் காப்பதற்கு. எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் இடையே உள்ள தகட்டில் வயரை நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். கார் ஸ்டீரியோ வேலையில் உயிருக்கு ஆபத்தான பிழை என்றால் அது இந்த ஃபியூஸை விட்டுவிடுவதுதான். எர்த் வயரின் முனையை, பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் வளைய லக் வைத்துப் போல்ட்டால் இறுக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டில் கட்டக் கூடாது.

ஆல்டர்னேட்டருக்கும் எல்லை உண்டு. வண்டி ஓடும்போது தரும் ஆம்பியரில் பாதிகூட ஐட்லிங்கில் பல ஆல்டர்னேட்டர்கள் தருவதில்லை. ஆடிக் கிருத்திகை நெரிசலில் ஏசியும் ஹெட்லைட்டும் எரிய, ஊர்ந்து ஊர்ந்து நிற்கும் வண்டியில் ஆம்பையும் உச்சத்தில் வைத்தால் குறையைப் பேட்டரிதான் ஈடுகட்டும். சிறிய பெட்ரோல் கார்களில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. எஞ்சினை அணைத்துவிட்டு 5 ஆம்பியர் இழுக்கும் செட்டை மூன்று மணி நேரம் பாடவிட்டால் ஏறத்தாழ பாதி காலி; பழைய பேட்டரியானால் ஸ்டார்ட் ஆகாது.

கெயின் என்ற திருகை வால்யூம் என்று நினைத்துத் திருகுவது பரவலான தவறு. ஸ்டீரியோவின் அளவும் ஆம்பின் அளவும் பொருந்துவதற்கான திருகு அது. பாஸ் பூஸ்ட், லவுட்னஸ் எல்லாவற்றையும் அணைத்து, ஸ்டீரியோவின் வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, கெயினைக் கரகரப்பு தொடங்கும்வரை மெல்ல ஏற்றி, அங்கிருந்து சற்றே இறக்கிவிட்டால் வேலை முடிந்தது.

வூஃபர்

வூஃபர் எல்லோருக்கும் தேவையில்லை. திருத்தணி வண்டிகளில் அதிகம் ஓடும் பழைய முருகன் பாடல்கள் 1960களில் மோனோவில் பதிவானவை. அவற்றில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக ஒன்றும் இல்லை. சீர்காழி கோவிந்தராஜனும் டி.எம். சௌந்தரராஜனும் வாழ்வது கதவு ஸ்பீக்கரின் எல்லைக்குள்தான். இன்றைய சினிமாப் பாட்டும் பம்பை உடுக்கையும் விரும்புபவர்களுக்கு வேண்டுமானால் ஆம்ப் உள்ளடங்கிய, சீட்டுக்கு அடியில் நுழையும் எட்டு அங்குல வூஃபர் போதும். யாத்திரைப் பை ஏற்ற டிக்கி காலியாக இருக்கும். சிஎன்ஜி உருளை உள்ள வண்டிக்கு வேறு வழியும் இல்லை. பெட்டி வைப்பதென்றால் துளையில்லாத மூடிய பெட்டியில் பத்து அங்குலம் நிதானமான தேர்வு. கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்கு மேலும் வூஃபருக்கு அதற்குக் கீழும் என்று பிரித்துவிட்டால் இரண்டும் சிரமப்படாது.

திரை

ஸ்டீரியோவை மாற்றலாமா என்பதை வண்டிதான் தீர்மானிக்கிறது. மாருதி 800, ஆம்னி போன்ற பழைய வண்டிகளில் 180க்கு 50 மில்லிமீட்டர் சிங்கிள் டின் துளை. அந்த அளவுள்ள எந்த ஸ்டீரியோவும் போய் உட்காரும். டபுள் டின் என்றால் உயரம் 100. வளைந்த முகத்தோடு வரும் கம்பெனி செட்டுகளுக்கு மாடல்வாரியாக ஃப்ரேம் விற்கிறார்கள். ஏசி, கேமரா, வண்டியின் அமைப்புகள் எல்லாம் திரைக்குள்ளேயே இருக்கும் புதிய கார்களில் திரையைத் தொடாமல் விடுவதே அறிவு. ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுத்து ஒலியைத் திருத்தும் டிஎஸ்பி ஆம்பை இடையில் சேர்த்தால் கம்பெனி திரையும் இருக்கும், ஒலியும் மாறும். வலப்பக்கம் உட்காரும் ஓட்டுநருக்கு வலது ஸ்பீக்கர் அருகில், இடது ஸ்பீக்கர் சுமார் அரை மீட்டர் கூடுதல் தூரத்தில். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போவதால் இடது ஒலி ஏறத்தாழ ஒன்றரை மில்லிநொடி தாமதமாக வருகிறது. வலதை அதே அளவு தாமதப்படுத்தினால் பாடகர் நடுவுக்கு வருவார். டிஎஸ்பி செய்யும் வேலைகளில் காதுக்கு உடனே தெரிவது இது.

மாற்றுவதென்றே முடிவானால் பயனியர், சோனி, கென்வுட், ஜேபிஎல் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் சாதாரண மாடல், பெயரில்லாத பெரிய ஆண்ட்ராய்டு திரையைவிட நீடிக்கும். பெயரில்லாத பலகைகளில் அமைப்புப் பக்கம் காட்டும் ராம் அளவுகூட மென்பொருளில் எழுதிவைத்த எண்ணாக இருக்கலாம். கோடையில் இவை நின்று நின்று ஓடுவதற்குக் காரணம் உள்ளே தேங்கும் வெப்பம். கண்ணாடிக்கு வெயில் மறைப்பான் போடுவது எந்த ராமையும்விட நல்ல மருந்து.

ரேடியோவில் ஏரியா என்றொரு அமைப்பு இருக்கும். அது அமெரிக்கா என்று இருந்தால் 0.2 மெகாஹெர்ட்ஸ் தாவலில், ஒற்றைப்படைப் புள்ளிகளில் மட்டுமே நிற்கும். 98.3 மிர்ச்சியும் 93.5 சூரியனும் கிடைக்கும்; 101.4 ரெயின்போவும் 106.4 ஹலோவும் கிடைக்காது. செட் பழுது என்று கடைக்கு ஓடுமுன் இதைப் பார்க்க வேண்டும். எல்லா நிலையமும் மங்கலாக இருந்தால் காரணம் வேறு: கூரை ஆன்டெனாவின் அடியில் உள்ள சிறு பூஸ்டருக்கு நீல வயரில் 12 வோல்ட் போகவில்லை.

வயரிங்

வயரை வெட்டவே கூடாது. மாடலுக்குரிய கப்ளர் கடையில் கிடைக்கும்; ஒரு முனை வண்டியில், மறுமுனை புதிய செட்டில். வெட்டினால் வாரண்டி தகராறு, பின்னாளில் புதியதைக் கழற்றினால் பழைய செட்டை மாட்ட முடியாது. சந்தையில் விற்கும் செட்டுகளில் மஞ்சள் பேட்டரி, சிவப்பு சாவி, கறுப்பு எர்த், நீலம்-வெள்ளை ஆம்பை எழுப்பும் வயர். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். வண்டிப் பக்கத்து வயர்கள் இந்த நிற வழக்கைப் பின்பற்றுவதில்லை, ஆகவே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் இணைக்கக் கூடாது. மஞ்சளும் சிவப்பும் மாறிப்போனால் ஒவ்வொரு முறையும் நேரமும் நிலையங்களும் அழியும். இரண்டையும் சேர்த்து பேட்டரியில் முறுக்கிவிட்டால் நாலைந்து நாளில் பேட்டரி இறங்கிவிடும்.

வேலைக்கு முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றி, யூசர் மேனுவலில் சொன்ன நேரம் காத்திருக்க வேண்டும். மஞ்சள் உறையிட்ட கப்ளர்கள் ஏர்பேகுக்குரியவை, தொடக் கூடாது. முன்கண்ணாடித் தூணுக்குள் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் அந்த வழியே வயர் இழுப்பதும் ட்வீட்டர் துளை போடுவதும் கூடாது. சில கார்கள் பேட்டரியைக் கழற்றினால் கம்பெனி செட்டுக்குக் குறியீட்டு எண் கேட்கும். எண் கையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பவர் வயரை வண்டியின் ஒரு பக்கமும் ஆம்புக்கு ஒலி சிக்னல் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரை மறுபக்கமும் கொண்டுபோனால் இரைச்சல் தொல்லை பெரும்பாலும் வராது.

சரிபார்ப்பு

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பொருத்தினாலும் திருப்பதியில் பொருத்தினாலும் குறை தெரிந்தபின் திரும்பிப்போவது ஒரு நாள் வேலை. ஆகவே கடை வாசலிலேயே பார்த்துவிட வேண்டும். நான்கு ஸ்பீக்கரும் தனித்தனியாக, ஹாரன், ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பொத்தான்கள், நான்கு கண்ணாடியும் ஏறி இறங்குவது, ஸ்டார்ட் ஆனதும் ஏர்பேக் விளக்கு அணைவது. பிறகு பழைய மோனோ பாட்டு ஒன்று. மோனோவில் இரண்டு பக்கமும் ஒரே ஒலி என்பதால் குரல் டேஷ்போர்டின் நடுவில், ஓரிடத்தில் நிற்க வேண்டும். குரல் இரண்டு கதவிலும் சிதறி, பாஸும் மெலிந்து கேட்டால் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது.

ஆல்டர்னேட்டர் இரைச்சல் கடை வாசலில் பிடிபடாது. கோயிலுக்கு ஏறும் மலைப்பாதையில் இரண்டாம் கியரில், வால்யூமைக் குறைத்துப் போனால் எஞ்சின் சுற்றோடு ஏறி இறங்கும் ஊளை ஒலி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தால் முதலில் எர்த் போல்ட்டைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வழக்கு அங்கேயே தீரும்.

கண்ணாடியை இறக்கிவிட்டு ஊரே கேட்க ஓட்டுவதற்குச் சட்டம் இடம் தரவில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். இரவு 10 முதல் காலை 6 வரை கட்டுப்பாடு இன்னும் கடுமை. வளைவில் எதிரே வரும் பேருந்தின் ஹாரன் காதில் விழாத அளவுக்கு உள்ளே சத்தம் வைப்பதை எந்த விதியும் இல்லாமலே தவிர்க்கலாம்.

கழற்றிய கம்பெனி செட், ஸ்பீக்கர், திருகாணிகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வீட்டில் வைக்க வேண்டும். விற்கும்போது பழையதை மாட்டிக்கொடுத்துவிட்டுப் புதியதை அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொள்ளலாம். ஸ்டீரியோ மாற்றியதற்கு ஆர்சி புத்தகத்தில் திருத்தம் தேவையில்லை. ஆனால் கம்பெனி விலையில் சேராத மின்னணுப் பொருள் சாதாரண இன்சூரன்சில் தானாக வராது. பொருளின் மதிப்பில் வழக்கமாக 4 விழுக்காடு கூடுதல் பிரீமியம் கட்டி பாலிசியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்குப் பில் வேண்டும். மாடல் எண்ணும் தொடர் எண்ணும் எழுதிய ஜிஎஸ்டி பில்லை வாங்காமல் கடையை விட்டுக் கிளம்பக் கூடாது.